ஃபயர்பாலுக்கு முன்னால்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் விசார்ட் என்னும் மந்திரவாதி கிளாஸ் என்றதும் எல்லாருக்கும் ஃபயர்பால் என்ற ஸ்பெல்தான் ஞாபகம் வரும். எங்கள் சேலையூர் டேபிளுக்குப் புதிதாக வருகிறவர்களும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். எட்டுப் பகடைகளை அள்ளி உருட்டுவது சுகம்தான். ஆனால் விசார்டின் உண்மையான வேலை அதற்கு வெகு முன்பே, கதைக்குள் பொழுது விடியும்போதே தொடங்கிவிடுகிறது.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் கணக்கு இது. ஐந்தாம் லெவலில் என் விசார்டின் ஸ்பெல்புக்கில் 14 ஸ்பெல்கள். புத்திக்கூர்மை 18 என்பதால் ஒரு நாளைக்குத் தயார் செய்துகொள்ள முடிவது 9. மீதி ஐந்தை விட்டுவிட்டுத்தான் கிளம்பவேண்டும். எதை விடுவது என்பதில்தான் இந்த கிளாஸின் கலையே இருக்கிறது.

மந்திரத்தை மோப்பம் பிடிப்பது, தெரியாத மொழியைப் படிப்பது போன்ற ரிச்சுவல்களைத் தயார் செய்யவே வேண்டாம். புத்தகத்தில் இருந்தால் போதும்; கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகும், அவ்வளவுதான். மிச்சமாகும் இடங்களை நிரப்புவதற்கு முன் வாட்ஸ்அப் குழுவைப் பார்ப்பேன். குரோம்பேட்டையிலிருந்து வரும், எங்களைக் காக்கும் கிளெரிக்குக்கு அன்று நைட் ஷிஃப்ட் என்றால், தாக்கும் ஸ்பெல் ஒன்றை எடுத்துவிட்டுக் காக்கும் ஸ்பெல் ஒன்றைச் சேர்ப்பேன்.

ஒரு ஞாயிறு, குறுகிய சுரங்கப் பாதையில் மூன்று ஓகர்கள் எதிரே வந்தன. ஃபயர்பால் சராசரியாக 28 சேதம் தரும்; ஓகரின் உயிரோ 59. போட்டிருந்தால் மூன்றும் பாதி உயிரோடு எங்கள் மேல் பாய்ந்திருக்கும். நான் வெப் போட்டேன். இரு சுவரையும் பற்றிக்கொண்டு வலை விரிந்தது. சுறுசுறுப்பில்லாத ஓகர்களில் இரண்டு சிக்கிக்கொண்டன. என் மேல் அடி விழுந்து கான்சென்ட்ரேஷன் உடைந்தால் வலையும் போய்விடும் என்பதால் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். சிக்கியவற்றை அடிக்கிறவருக்கு அட்வான்டேஜ் உண்டு: இருபதுமுகப் பகடையை இரண்டு முறை உருட்டி, பெரியதை எடுத்துக்கொள்ளலாம். எங்கள் ஃபைட்டருக்கு 7 விழுந்தது, அடுத்து 20. வீடே அதிரக் கத்தினோம். நான் ஒரு பகடைகூட உருட்டவில்லை. ஆனால் அந்த இரண்டாவது உருட்டல் அவருக்குக் கிடைத்தது என் வலையால்.

விசார்டை நான் நேசிப்பது இதற்காகத்தான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் தன் அடியை நன்றாக அடிக்க வழி செய்துகொடுக்கும் கிளாஸ் இது. அதனால் புதிதாக விசார்ட் எடுப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஸ்பெல் பட்டியலைப் படிக்குமுன், டேபிளைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களின் கேரக்டர் ஷீட்டைப் படியுங்கள்.