வலை பின்னாத சிலந்தி

சிலந்தி என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனம் வலையைத்தான் நினைத்துக்கொள்கிறது. ஒட்டடைக் கம்போடு வளர்ந்தவர்கள் நாம். வலையே விரிக்காமல், செடிக்குச் செடி தாவி, பூனையைப் போலப் பதுங்கிப் பாய்ந்து இரை பிடிக்கும் சிலந்திகளும் உண்டு என்பதை, நாற்பது வயதைத் தாண்டி ஒரு மேக்ரோ லென்ஸ் கைக்கு வந்த பிறகுதான் நான் அறிந்துகொண்டேன்.

லிங்க்ஸ் சிலந்திகள் என்று அவற்றை அழைக்கிறார்கள். லிங்க்ஸ் என்பது குளிர்நாடுகளில் வாழும் ஒரு காட்டுப்பூனை. கூர்ந்த பார்வைக்குப் பேர்போனது. ஆக்ஸியோபிடே என்ற குடும்பப் பெயரும் கூர்ந்த பார்வையைக் குறிக்கும் கிரேக்க வேரிலிருந்து வந்ததே. எங்கள் பக்கத்தில் கேட்டால் எல்லாமே எட்டுக்கால் பூச்சிதான்.

அடையாளம் காண்பது கடினமன்று. எட்டுக் கண்களில் ஆறு, தலையின் மேல் அறுகோணமாக அமைந்திருக்கும். மற்ற இரண்டும் மிகச் சிறியவை, முகத்தில் சற்றுக் கீழே இருக்கும். கால்கள் முழுதும் நீண்ட முட்கள் சிலிர்த்து நிற்கும். பாயும்போது ஓர் இழையைச் செடியில் ஒட்டிவிட்டுப் பாய்வதால், குறி தவறினாலும் அந்தரத்தில் தொங்கி மீண்டும் மேலேறிவிடும். இக்குடும்பத்தின் பழுப்புநிறச் சிலந்திகள் நெல்வயல்களில் அந்துப்பூச்சிகளைப் பிடித்துத் தின்று உழவருக்கு உதவுகின்றன. என்னை ஈர்த்தவை பச்சைநிறத்தவை. பியூசெட்டியா என்னும் பேரினம்.

மதுரைக்கு வெளியே ஒரு கண்மாய்க்கரையில், ஐப்பசி மழைக்குப் பின் அவற்றைத் தேடிப் போவேன். பிசுபிசுப்பான சுரப்பிமயிர் கொண்ட செடிகளை இந்தப் பேரினம் விரும்புகிறது என்பது பல நாடுகளில் கண்டறியப்பட்ட செய்தி. அங்கே சிவப்புக் காட்டாமணக்கும் நாய்வேளையும் மண்டிக்கிடந்தன. சிற்றுயிர்கள் ஒட்டிக்கொள்ளும் அந்தத் தண்டுகளில் இந்தச் சிலந்தி தடையின்றி நடக்கிறது.

படமெடுப்பதற்கு முதல் தேவை வெளிச்சமல்ல, நம் நிழலின் மீதான கவனம். நிழல் விழுந்த கணமே அது இலையின் அடிப்புறம் மறைந்துவிடும். ஒரு சாண் தொலைவில் லென்ஸைக் கொண்டுபோகும்போது, தெளிவாகத் தெரியும் ஆழம் ஒரு நூலளவுதான். கண்கள் தெளிந்தால் கால்முட்கள் மங்கும். காற்று ஓயும் இடைவெளிக்காக மூச்சை அடக்கிக் காத்திருக்க வேண்டும். அரைமணி நேரக் காத்திருப்பில் ஒரு படம் தேறினால் அன்று நல்ல நாள்.

அப்படி ஒரு காலையில் முட்டைப் பையுடன் ஒரு பெண் சிலந்தியைக் கண்டேன். காட்டாமணக்கின் நுனிக்கிளையில், வைக்கோல் நிறத்தில் ஒரு சிறிய பை. அதைக் கால்களால் அணைத்தபடி தலைகீழாக நின்றது. மற்றவை ஓடி ஒளியும்; இது ஓடவில்லை. நான் நகர்ந்த பக்கமெல்லாம் திரும்பி என்னை எதிர்கொண்டது. இதன் அமெரிக்க உறவினமொன்று முட்டைப் பையைக் காக்கையில் நஞ்சைப் பீய்ச்சி அடிக்கும் என்று 1984இல் பதிவாகியிருக்கிறது. குஞ்சுகள் வெளிவரும் வேளையில் பையைப் பிய்த்து வழி செய்து தருவதும் அந்தத் தாயே. மூன்று வாரங்களுக்கு மேல் வாரம் இருமுறை போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அதன் வயிறு சற்று ஒடுங்கியிருந்தது.

படங்களைச் சிலந்தி ஆய்வில் ஈடுபட்ட நண்பரிடம் காட்டினேன். பேரினத்தைச் சொன்னார், சிற்றினத்தைச் சொல்ல மறுத்தார். இந்தியாவிலிருந்து இந்தப் பேரினத்தில் பல சிற்றினங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. அவற்றை உறுதியாகப் பிரித்தறிய இனப்பெருக்க உறுப்புகளை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். "சாராயத்தில் போட்டுக் கொண்டு வாருங்கள், சொல்கிறேன்" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கல்கத்தாவில் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் பணியாற்றிய ஸ்டோலிச்கா 1869இல் இப்பேரினத்தின் சிற்றினமொன்றை விவரித்தார். விரிடானா என்ற பெயரை இன்று நாம் சொல்ல முடிவது, அன்று யாரோ அதைப் பிடித்துப் பதப்படுத்தியதால்தான். "நாளை இந்தக் கரையைச் சமப்படுத்திவிட்டால், இங்கே என்ன வாழ்ந்தது என்பதற்கு உங்கள் படம் அரைச்சாட்சிதான்" என்றும் நண்பர் சொன்னார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் பையை அணைத்திருக்கும் ஒன்றைக் குப்பியில் தள்ள என் கை வராது என்றேன். குஞ்சுகள் வெளியேறிய பின் தாயை எடுத்துக்கொள்வதாக அவர் ஒப்புக்கொண்டார். அந்த ஏற்பாட்டுக்கும் நான் முழுமனதோடு தலையாட்டவில்லை.

கார்த்திகை தொடக்கத்தில் ஒரு நாள் பை கிழிந்திருந்தது. கிளையெங்கும் இளமஞ்சள் நிறக் குஞ்சுகள், இழை பிடித்துக் காற்றில் ஏறக் காத்திருந்தன. தாயும் அருகே நின்றது. நண்பருக்குச் செய்தி சொன்னேன். இரண்டு நாள் கழித்து இருவரும் போனபோது வெறும் பைதான் இருந்தது. சுற்றியிருந்த செடிகளையெல்லாம் புரட்டிப் பார்த்தோம். அவர் குப்பியைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அவர் முகத்தைப் பார்க்கையில் அந்த நிம்மதி சற்றுக் கூசவும் செய்தது.

படம் என் கணினியில் இருக்கிறது. பியூசெட்டியா, பெண், முட்டைப் பையுடன் என்று குறித்திருக்கிறேன். சிற்றினத்துக்கான இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.