பிழை தட்டச்சில் இல்லை

கோவையில் டீசல் எஞ்சின் செய்யும் ஒரு கம்பெனிக்காக, பழுதுபார்ப்புக் கையேடு ஒன்றை ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கு மொழிபெயர்த்தேன். அதில் ஒரு பெரிய பிழை இருந்தது. அது என் பிழை. தெரிந்த பிறகும் வாய் திறக்கவில்லை. பழி வேறொருவர் மேல் விழுந்தபோதும் திறக்கவில்லை. நடந்ததை முழுதாகச் சொல்கிறேன். தீர்ப்பு உங்களுடையது.

எனக்குச் சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தேன். குடியிருப்பு ராஜபாளையத்தில். கையேடு டோகோ, பெனின், செனகல் நாடுகளுக்குப் போகவேண்டியது. மூன்றும் 1960இல் பிரான்ஸிடமிருந்து விடுதலை பெற்றவை. பட்டறைக்குப் போகும் புத்தகம் அங்கே பிரெஞ்சில்தான் இருக்கவேண்டும்.

ராஜபாளையம் எந்திரம் தெரிந்த ஊர். 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். மில் ஃபிட்டர்கள், லேத் பட்டறைகள், எஞ்சின் வேலை பார்ப்பவர்கள் என்று தெருவுக்கு ஒருவராவது இருப்பார். என் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் கிராங்க் கிரைண்டிங் பட்டறை ஒன்று உண்டு. அந்த வேலை கையில் இருந்த காலம் முழுவதும் நான் அங்கே ஒரு தடவைகூடப் போகவில்லை.

காரணம் திமிர். அந்தப் பட்டறைக்காரரிடமே டீக்கடையில் பெருமை பேசியிருக்கிறேன். “கராஜ், சேஸி, ஷோஃபர் எல்லாமே பிரெஞ்சுதான் அண்ணே. நீங்க தினமும் பிரெஞ்சு பேசுறீங்க” என்று. அவரும் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டார். அவர் முன்னால் போய், “கனெக்டிங் ராடைக் கையில் கொடுங்க, பார்க்கணும்” என்று கேட்க எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

கனெக்டிங் ராடுக்கு இரண்டு முனைகள். சின்ன முனை மேலே பிஸ்டன் பின்னில் மாட்டும். பெரிய முனை கீழே கிராங்க் ஷாஃப்டைப் பிடிக்கும். ஆங்கிலத்தில் ஸ்மால் எண்ட், பிக் எண்ட். பிரெஞ்சில் ஒன்று தலை, மற்றது கால். பிஸ்டன் மேலே இருக்கிறது, ஆகவே அந்தப் பக்கம்தான் தலை என்று நானாக முடிவு செய்தேன். உண்மை நேர்மாறு. கிராங்கைப் பிடிக்கும் கனத்த முனையைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் ‘டெத் து பியெல்’, அதாவது ராடின் தலை, என்கிறார்கள். மேலே இருப்பது கால். அன்று ராத்திரி ஒரு கணம் சந்தேகம் வந்தது, அதை மறைக்க மாட்டேன். தொழில்நுட்ப அகராதி அலமாரியில் இருந்தது. மறுநாள் காலை வேலையை ஒப்படைக்கவேண்டும். நான் எழுந்திருக்கவில்லை.

கையேட்டில் இந்த முனைகளைப் பற்றிய பக்கத்தில் பேரிங் இடைவெளி அட்டவணை இருந்தது. மூலத்தில் பெரிய முனைக்கு 0.05 மில்லிமீட்டர், சின்ன முனைக்கு 0.02. என் கையேட்டில் இரண்டும் இடம் மாறின. தலைமுடியைவிட மெல்லிய வித்தியாசம்தான். ஆனால் கிராங்கும் பேரிங்கும் உலோகத்தோடு உலோகம் உரசாமல் சுற்றுவது நடுவே நிற்கும் ஆயில் படலத்தால். இடைவெளி குறைந்தால் படலம் நிற்காது. பேரிங் சூடேறி உருகி, கிராங்கோடு ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் ஜாம் ஆகும்.

புத்தகம் அச்சாகிக் கப்பல் ஏறிய பிறகு, வேறொரு வேலைக்காக ஒரு பிரெஞ்சுக் கையேட்டைப் புரட்டினேன். படத்தில் ராடின் கனத்த முனைக்கு அம்புக்குறி போட்டு ‘தலை’ என்று இருந்தது. வயிற்றைக் கலக்கியது. அன்றே ஒரு மின்னஞ்சல் போட்டிருந்தால் போதும், திருத்தத் தாள் போயிருக்கும். எனக்குப் பாதிப் பணம் பாக்கி இருந்தது. அடுத்த புத்தகமும் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அனுபவமுள்ள மெக்கானிக் படத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அனுபவமுள்ளவர் கையேட்டைத் திறக்கவே மாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். புதிதாகத் தொழிலுக்கு வந்தவன்தான் அதை வேதமாக நம்புவான்.

டோகோவில் அதுதான் நடந்தது. ஒரு கிராமத்து மாவு மில்லின் எஞ்சினை இளம் மெக்கானிக் ஒருவர் பிரித்து, என் அட்டவணைப்படி கிராங்கைச் சாணை பிடிக்கச் சொல்லி, மாட்டி ஓட்டியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. கம்பெனி எனக்குப் படம் அனுப்பியது. பேரிங்கின் உள்பூச்சு வழித்தெடுத்ததுபோல் போயிருந்தது. கிராங்க் நீலம் பாய்ந்திருந்தது. புது கிராங்க் போய்ச் சேரும்வரை அந்த ஊர்ப் பெண்கள் சோளத்தைத் தலையில் சுமந்து அடுத்த ஊருக்கு நடந்தார்கள் என்று கடிதத்தில் இருந்தது. அந்த மெக்கானிக்குக்கு வேலை கொடுக்க ஆள் இல்லாமல் போனது என்றும் இருந்தது.

“இது எப்படி நேர்ந்தது?” என்று கம்பெனியில் கேட்டார்கள். “அட்டவணை தட்டச்சில் மாறியிருக்கலாம்” என்று பதில் எழுதினேன். யோசித்து, நிதானமாக எழுதிய வாக்கியம் அது. அறியாமல் செய்தது முதல் பிழை. இது அறிந்தே செய்தது. பக்கங்களை அடுக்கிய பயிற்சி இளைஞரை வேலையிலிருந்து அனுப்பினார்கள். அவர் வாதாடியிருக்கிறார். அவரை யாரும் நம்பவில்லை.

வெகு நாள் கழித்துப் பட்டறைக்குப் போனேன். அண்ணன் ஒரு பழைய கனெக்டிங் ராடை என் கையில் கொடுத்தார். இவ்வளவு கனமாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். “கேட்டிருந்தா ரெண்டு நிமிசத்துல சொல்லியிருப்பேனே சார்” என்றார். திட்டவில்லை. அன்றே கம்பெனிக்கு உண்மையை எழுதினேன். வாங்கிய பணத்தைத் திருப்பி அனுப்பினேன். திருத்தத் தாள் போனது. இளைஞருக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அவர் ஊரை விட்டுப் போய்விட்டார் என்று மட்டும் சொன்னார்கள்.

இதைப் படிக்கும் யாராவது அச்சகமோ வடிவமைப்பு நிறுவனமோ நடத்தலாம். கையேட்டில் எண் மாறியதற்காகக் கோவையில் வேலை இழந்தேன் என்று ஓர் இளைஞர் உங்களிடம் வந்தால், அவரை நம்புங்கள். அவர் தட்டச்சில் பிழை விடவில்லை.