தெரியாது என்று சொன்ன வழிகாட்டி

வடகிழக்குக்கு மாற்றல் என்றதும் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அங்க அரிசி கிடைக்குமா?" என்பதுதான். தாராளமாகக் கிடைக்கும், மூன்று வேளையும் சோறுதான் அங்கே :-) இரண்டாவது கேள்வி, "சுத்திப் பார்க்க என்ன இருக்கு?" காசிரங்கா காண்டாமிருகம், காமாக்யா கோவில், சிரபுஞ்சி மழை என்று எல்லாரும் ஒரே பட்டியலைத்தான் ஒப்பிப்பார்கள். அதில் இல்லாத ஒன்றைப் பற்றி இன்று எழுதலாம் என்று இருக்கிறேன். போர்க்களங்களைப் பற்றி. குறிப்பாக, அவற்றைச் சுற்றிக் காட்டிப் பிழைக்கும் வழிகாட்டிகளைப் பற்றி.

இம்பாலிலும் கோஹிமாவிலும் 1944-ல் நடந்த சண்டையை நம் பள்ளிக்கூடப் புத்தகம் இரண்டு வரியில் முடித்துவிடும். அந்த வருடம் மார்ச்சில் ஜெனரல் முத்தகுச்சியின் ஜப்பானியப் படை சிந்துவின் ஆற்றைக் கடந்து மணிப்பூருக்குள் வந்தது. எதிரே ஜெனரல் ஸ்லிம்மின் 14-ஆவது படை. பெயர் பிரிட்டிஷ் படைதான், ஆனால் அதில் பெரும்பங்கு இந்தியச் சிப்பாய்கள். கோஹிமாவில் மாவட்ட அதிகாரி பங்களாவின் டென்னிஸ் மைதானத்துக்கு இந்தப் பக்கம் ஒரு படை, அந்தப் பக்கம் ஒரு படை என்று வாரக்கணக்கில் சண்டை. ஜூன் 22 அன்று கோஹிமா - இம்பால் சாலையின் 109-ஆவது மைல்கல் அருகே இரு பக்கத்திலிருந்தும் வந்த படைகள் கைகுலுக்கிக்கொண்டபோது முற்றுகை முடிந்தது. ஜப்பானியர் தரப்பில் மட்டும் சுமார் 30,000 பேர் இறந்தார்கள். குண்டடி பட்டவர்களுக்குக் குறையாமல் பட்டினியிலும் நோயிலும் போனவர்கள். 2013-ல் லண்டனில் தேசிய ராணுவ அருங்காட்சியகம் நடத்திய வாக்கெடுப்பில் வாட்டர்லூவையும் நார்மண்டியையும் தாண்டி, பிரிட்டனின் மிகப் பெரிய போர் என்று இதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அதன் பிறகுதான் இங்கிலாந்திலிருந்து தாத்தாவின் போட்டோவோடு பேரன்கள் வர ஆரம்பித்தார்கள். வழிகாட்டிகளுக்கும் வேலை வந்தது.

வெளிநாட்டில் இது முறையான தொழில். அமெரிக்காவில் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் 1915-லிருந்து தேர்வு வைத்து, உரிமம் கொடுத்துத்தான் வழிகாட்டியாக விடுகிறார்கள். எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு இரண்டும் உண்டு. பிரிட்டனில் 2003-ல் போர்க்கள வழிகாட்டிகளுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். ராணுவ வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் ஹோம்ஸ் அதன் முதல் புரவலர். களத்தில் வைத்துச் சோதித்துப் பார்த்து, தேறியவருக்குத்தான் பேட்ஜ். கே.ஒய்.சி. இல்லாமல் கணக்குத் திறக்க மாட்டோம் என்கிற மாதிரி!

நாங்கள் 2022 நவம்பரில் குவாஹாட்டியிலிருந்து இம்பால் போனபோது கிடைத்த வழிகாட்டியிடம் பேட்ஜ் எதுவும் கிடையாது. முப்பது வயதுக்குள் இருக்கும், நம்மைப் போலவே பி.காம். படிப்பு. கடனில் எடுத்த ஒரு பொலேரோ. அதில் ஒரு கட்டு ராணுவ வரைபடம், ஹேமந்த் சிங் கடோச் எழுதிய இம்பால் போர்க்களங்கள் பற்றிய புத்தகம் (2016), ஒரு பிளாஸ்க் டீ. அவ்வளவுதான் மூலதனம். "சின்னப் பையனா இருக்கானே" என்று தங்கமணி கிசுகிசுத்தார். நுங்ஷிகும் குன்று வரைக்கும்தான் அந்த நினைப்பு இருந்தது.

வயல்வெளி நடுவே சட்டென்று எழும்பி நிற்கும் குன்று அது. அந்த உயரத்துக்கு டாங்கி ஏறும் என்று ஜப்பானியர் நினைக்கவே இல்லை. 1944 ஏப்ரல் 13 அன்று ஏறியது. வெளியே தலையை நீட்டி வழி பார்த்த டாங்கிப் படை அதிகாரிகள் ஒருவர் விடாமல் செத்தோ காயப்பட்டோ விழ, கீழ்நிலைத் தளபதிகள்தான் சண்டையை முடித்தார்கள். இதைச் சொல்லும்போது அந்தப் பையன் குரலை உயர்த்தவில்லை, கையை ஆட்டவில்லை. "இந்த மேட்டுக்கு மேல் நின்றால் விமானத்தளப் பக்கம் எல்லாம் தெரியும், அதனால்தான் இது வேண்டியிருந்தது" என்றார். ஏன் அங்கே சண்டை என்பது என் பத்து வயது வாண்டுக்குக்கூடப் புரிந்தது.

அடுத்த நாள் பாலேல், ஷெனம் கணவாய் வழியாக எல்லையில் இருக்கும் மோரே. அந்த மலைத்தொடரில் நிப்பான் ஹில், கிரீட், ஸ்கிராகி என்று ராணுவம் வைத்த பெயர்கள் இன்றும் புழங்குகின்றன. மோரேயில் பர்மாவிலிருந்து 1960-களில் துரத்தப்பட்டு வந்த தமிழர்கள் கட்டிய அங்காள பரமேஸ்வரி கோவில் இருக்கிறது. அங்கே இட்லி சாப்பிட்டபோது வழிகாட்டி எங்களுக்குப் பின்னால் உட்கார்ந்து, எங்களைவிட இரண்டு அதிகமாகச் சாப்பிட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் இம்பால் போனதே அம்மாவுக்காகத்தான்.

அம்மாவின் பெரியப்பா ஒருவர் தேவகோட்டைப் பக்கத்திலிருந்து 1937-ல் மலாயாவுக்கு ரப்பர் தோட்ட வேலைக்குப் போனார். போருக்குப் பிறகு ஊர் திரும்பிய ஒருவர், "நேதாஜி படையில சேர்ந்தான், இம்பால் பக்கம் போயிட்டான்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். காகிதம் இல்லை, படம் இல்லை. ஆடி அமாவாசைக்கு எள்ளும் தண்ணியும் விட்டு வருகிறார்கள். அம்மா பிறந்ததே அதற்குப் பிறகுதான், அவரைப் பார்த்ததுகூட இல்லை. ஆனால் எனக்கு வடகிழக்கு மாற்றல் என்று சொன்னதும், "இம்பாலுக்குப் போனா ஒரு பிடி மண்ணு எடுத்துட்டு வாடா" என்றார்.

கோஹிமா கல்லறைத் தோட்டத்தில் 1,420 கல்லறைகள். தகனம் செய்யப்பட்ட இந்து, சீக்கிய வீரர்கள் 917 பேருக்குத் தனி நினைவுச் சின்னம். இம்பாலில் இந்தியப் படைக் கல்லறையில் விக்டோரியா கிராஸ் வாங்கிய அப்துல் ஹஃபீஸ் இருக்கிறார். பெயர், படைப்பிரிவு, தேதி என்று ஒரு பைசா பிசகாத பேரேடு மாதிரி எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். ஐ.என்.ஏ. வீரர்களுக்கு அந்தப் பேரேட்டில் பக்கமே கிடையாது. அவர்களுக்கு மொய்ராங்தான். 1944 ஏப்ரல் 14 அன்று கர்னல் ஷௌகத் மாலிக் கொடியேற்றிய ஊர் அது. சிங்கப்பூரில் பிரிட்டிஷார் 1945-ல் இடித்த ஐ.என்.ஏ. நினைவுச் சின்னத்தைப் போலவே ஒன்று அங்கே கட்டி வைத்திருக்கிறார்கள்.

அதன் முன்னால் நின்றுதான் வழிகாட்டியிடம் கதையைச் சொன்னேன். எந்த இடமாக இருக்கும் என்று கேட்டேன். அவர் கேட்ட கேள்விகள்: எந்த ரெஜிமென்ட்? எந்த வருடம் சேர்ந்தார்? சிப்பாயாக இருந்து சிறைப்பட்டவரா, தோட்டத்திலிருந்து நேராகச் சேர்ந்தவரா? தோட்டத்திலிருந்து என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சார், 1944-ல் இந்தப் பக்கம் வந்த ஐ.என்.ஏ.காரர்களில் பெரும்பாலோர் போர்க்கைதிகளாக இருந்து சேர்ந்தவர்கள். மலாயாத் தோட்டத்திலிருந்து சேர்ந்தவர்களில் நிறைய பேர் 1945-ல் பர்மாவில் ஐராவதிக் கரையிலும் போப்பா மலைப் பக்கமும் சண்டை போட்டார்கள். உங்கள் தாத்தா இங்கே வந்தாரா என்பதே எனக்குத் தெரியாது. வந்திருக்கலாம். இடம் சொன்னால் அது பொய்யாகிவிடும்" என்றார்.

யோசித்துப் பாருங்கள். ஏதோ ஒரு குன்றைக் கையைக் காட்டி "அதோ அங்கே" என்றிருந்தால் நான் கண்ணீரோடு மண் எடுத்திருப்பேன், ஐந்நூறு ரூபாய் அதிகமாகவும் கொடுத்திருப்பேன். யாருக்கும் நஷ்டம் இல்லை. இருபது வருடமாகக் கடன் மனுக்களைப் புரட்டுகிறேன், "தெரியாது" என்று எழுதிக் கொடுத்தவரை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அங்கிருந்தே அம்மாவுக்குப் போன் போட்டேன். முழுவதும் கேட்டுவிட்டு, "தெரியலைன்னா சொன்னான்? அப்ப அந்தப் புள்ள மத்ததெல்லாம் சொன்னது நெசமாத்தான் இருக்கும்" என்றார். அப்புறம், "மண்ணு வேணாம்டா. அங்க செத்தவுக எல்லாருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டுட்டு வா." போட்டேன். வழிகாட்டியும் பக்கத்தில் நின்று கும்பிட்டார்.

2023 மே 3 அன்று கலவரம் தொடங்கியது. பள்ளத்தாக்குக்காரர் மலைக்குப் போக முடியாது, மலைக்காரர் பள்ளத்தாக்குக்கு வர முடியாது என்று ஆனது. நாங்கள் ஒரே நாளில் போய் வந்த ஷெனம் அவருக்கு எட்டாத தூரமாகிவிட்டது. ஜூலையில் கூப்பிட்டார். இணையம் முடக்கப்பட்டிருந்த நாட்கள், போன் மட்டும்தான். முன்பதிவுகள் எல்லாம் ரத்து. வண்டிக் கடனில் இரண்டு தவணை நின்றுவிட்டது, மூன்றாவது வருகிறது. "வண்டியைத் தூக்கிவிடுவார்களா சார்?"

அவர் கடன் வாங்கியது வேறு வங்கி. ஆனாலும் விதி ஒன்றுதான். 90 நாள் தாண்டினால் வாராக்கடன். அதற்கு முன்னால் கிளைக்கு நேரில் போய், வருமானம் நின்றதற்குச் சான்றாக ரத்தான முன்பதிவுகளை இணைத்து, கடனைத் திருத்தியமைக்க எழுத்தில் மனுக் கொடுக்கச் சொன்னேன். கலவரத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு அப்படிச் செய்ய ரிசர்வ் வங்கியின் அப்போதைய நெறிமுறைகளில் இடம் இருந்தது. மனுவில் "விரைவில் சுற்றுலா சீராகும்" என்று ஒரு வரி சேர்க்கலாமே என்றேன். "அது எனக்குத் தெரியாதே சார்" என்றார். மறுபடியும்! அந்த வரி இல்லாமலேயே மனு போனது. தவணைக் காலம் நீட்டிக் கொடுத்தார்கள். வண்டி தப்பித்தது. ஒரு மருந்துக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டே, பள்ளிப் பிள்ளைகளை ரெட் ஹில்லில் 2019-ல் திறந்த அமைதி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தார், கடைசியாகப் பேசியபோது.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள்:

1. நாகாலாந்து, மணிப்பூர் இரண்டுக்கும் நமக்கு உள்நுழைவு அனுமதிச் சீட்டு வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட சொந்தக்காரர்கள் கூட வந்தால், 2024 டிசம்பரில் திரும்பக் கொண்டுவரப்பட்ட தனி அனுமதி விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. மணிப்பூர் நிலவரத்தைக் கேட்டுக்கொண்டு டிக்கெட் போடுங்கள். கோஹிமா மட்டும் என்றாலும் போதும். கல்லறைத் தோட்டத்தில் டென்னிஸ் மைதானத்தின் கோடுகள் இன்னும் இருக்கின்றன.

3. டிசம்பர் முதல் பத்து நாள் கோஹிமாவில் ஹார்ன்பில் திருவிழா. அப்போது அறை கிடைப்பது குதிரைக் கொம்பு.

4. குடும்பத்தில் யாரையாவது தேடிப் போகிறீர்கள் என்றால் ரெஜிமென்ட், சேர்ந்த வருடம், ஊர் மூன்றையும் வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். நாங்கள் கேட்பதற்குள் எங்கள் வீட்டில் தெரிந்தவர்கள் போய்விட்டார்கள்.

5. வழிகாட்டியிடம் பேரம் பேசாதீர்கள். முடிந்தால் உங்களுக்கு விடை தெரியாத ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "தெரியாது" என்று சொன்னால் அவரையே வைத்துக்கொள்ளுங்கள்.

பி.கு: ஆடி அமாவாசைக்கு அம்மா இப்போதெல்லாம், "இம்பாலோ பர்மாவோ, எங்க இருந்தாலும்" என்று சேர்த்துச் சொல்லித் தண்ணி விடுகிறார்.