முப்பது நாளுக்கு ஒருமுறை

கப்பலைப் பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள். தாய்லாந்தில் ஏறினோம். கொஞ்ச நாளில் அந்த நாட்டு மாலுமிகள் எங்களை விட்டுவிட்டுப் போனார்கள். மூன்று மாதமளவில் பசிபிக் கடலில் கிடந்து, 2010 ஆகஸ்ட் 13 அன்று கனடாவின் எஸ்குவைமோல்ட் கடற்படைத் தளத்தில் இலங்கைத் தமிழர் 492 பேராக வந்து சேர்ந்தோம். 'சன் சீ' என்ற அந்தக் கப்பலின் பெயர் அப்போது எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அதற்குப் பிறகு எங்களுக்கு நடந்ததைக் கேட்கிற ஆக்கள் குறைவு. எனக்கு அதுதான் பெரிய கதை.

இறங்கிய கையோடு மறியல். அப்போது எங்கள் மேல் குற்றம் எதுவும் சாட்டப்படவில்லை. ஆனாலும் ஆண்களை அடைத்தது குற்றவாளிகள் இருக்கும் ஒரு மாகாணச் சிறையில். தாய்மாரும் பிள்ளைகளும் வேறோர் இடத்தில் அடைபட்டிருந்தார்கள். பெயர் வெளியே தெரிந்தால் ஊரில் இருக்கும் உறவுகளுக்கு ஆபத்து என்பதால் வழக்குத் தாள்களில் எங்களுக்கு 'பி' என்ற எழுத்தும் ஓர் இலக்கமும் தந்தார்கள்.

கனடாவின் குடிவரவுச் சட்டம் ஒருவரைத் தடுத்து வைத்தால் 48 மணித்தியாலத்துக்குள் அதை மீளாய்வு செய்யச் சொல்கிறது. அதன்பின் ஏழு நாளுக்குள் ஒன்று. பிறகு முப்பது நாளுக்கு ஒருமுறை. நாங்கள் 'ரிவியூ' என்போம். நடத்துகிறவர் நீதிபதி அல்ல, குடிவரவு, அகதிகள் சபையின் உறுப்பினர். எங்கள் வாயில் 'மெம்பர்'. அவர் முன்னால் அரசுத் தரப்பு வந்து, இந்த மனிதரை ஏன் இன்னும் உள்ளே வைத்திருக்க வேண்டும் என்று காரணம் காட்ட வேண்டும்.

முதற்காரணம் அடையாளம். நீ சொல்கிற ஆள்தான் நீ என்பதற்கு என்ன அத்தாட்சி? இலங்கைப் போரின் கடைசி மாதங்களில் வன்னியில் பதுங்குகுழிக்குப் பதுங்குகுழி ஓடியவர்களிடம் இந்தக் கேள்வி. மாத்தளனுக்கு வரும்போது என் கையில் இருந்தது ஒரு சாரமும் தண்ணீர்ப் போத்தலும்தான். அம்மா மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து வெளியே வந்த பிறகு, கச்சேரிக்கும் விதானையாரிடமும் அலைந்து என் பிறப்புச் சான்றிதழின் பிரதி எடுத்து அனுப்பினார். அது உண்மையானதா என்று பரிசோதிக்கக் கொடுத்தார்கள். அதற்குள் இன்னொரு ரிவியூத் தவணை போய்விட்டது.

அடுத்தது, பாதுகாப்பு குறித்து விசாரணை நடக்கிறது என்ற காரணம். முதலில் கேட்கும்போது அது பெரிய மதில். ஆனால் ஒரே வசனத்தை மாதாமாதம் சொல்ல வேண்டி வந்தபோது மதிலில் வெடிப்பு விழுந்தது. "போன தவணைக்குப் பிறகு என்ன செய்தீர்கள்?" என்று ஒரு மெம்பர் அரசுத் தரப்பைக் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதை எனக்குத் தமிழில் சொல்வதற்கு முன்பே, எதிர்ப்பக்கத்துச் சட்டத்தரணி தாள்களைப் புரட்டிய விதத்தில் எனக்கு விளங்கிவிட்டது. எவ்வளவு காலம் அடைத்து வைத்திருக்கிறீர்கள், இன்னும் எவ்வளவு காலம் எடுக்கும், தாமதம் யாரால் என்று பார்க்க அந்த மெம்பருக்குக் கடமை இருக்கிறது என்று என் லோயர் பிறகு விளக்கினார்.

பக்கத்துக் கட்டிலில் முல்லைத்தீவு அண்ணை ஒருவர். ஒவ்வொரு முறையும், "என்னவாம் தம்பி?" என்பார்.

"அடுத்த தவணையாம் அண்ணை."

"சரி, படு. அடுத்த தவணை எண்டாலும் இருக்குத்தானே."

ஒரு தவணையில் என்னை விடச் சொல்லி உத்தரவே வந்தது. மாமா ரொறன்ரோவிலிருந்து பிணைக் காசு கட்ட ஆயத்தமாக இருந்தார். அரசுத் தரப்பு மேல் நீதிமன்றத்துக்குப் போய் அந்த உத்தரவை இடைநிறுத்தியது. எங்களில் பலருக்கு இப்படி நடந்தது. விடச் சொன்ன பிறகும் உள்ளே இருப்பதைப் போல ஒரு மனிதரை உடைப்பது வேறில்லை. கடலில் அழாத நான் அன்று இரவு அழுதேன்.

கடைசியில் நான் வெளியே வந்ததும் இன்னொரு முப்பது நாள் தவணையில்தான்.

கப்பலில் வேலை செய்தவர்களின் பாடு இன்னும் கடினம். மாலுமிகள் போன பிறகு பயணிகளில் பன்னிரண்டு பேர் கப்பலைக் கையில் எடுத்திருக்காவிட்டால் இதை எழுத நான் இல்லை. பி010 என்ற இலக்கத்தவர் என்ஜின் அறையில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை, மூன்று மூன்று மணித்தியாலமாக நின்று, சூட்டையும் தண்ணீரையும் எண்ணெயையும் பார்த்தார். பி306 சமைத்தார், கடலைக் காவல் பார்த்தார்; கைம்மாறாக அவருக்குக் கிடைத்தது போதிய சாப்பாடும் மருந்தும். இவர்கள் ஆட்கடத்தலில் பங்கெடுத்தவர்கள், ஆகவே அகதிக் கோரிக்கையைக் கேட்கவே வேண்டியதில்லை என்று சொல்லப்பட்டது. கீழ்ப்படிகளைக் கடந்து வழக்கு ஒட்டாவாவில் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2015 நவம்பர் 27 அன்று தீர்ப்பு. தலைமை நீதியரசர் பெவர்லி மக்லாக்ளின் எழுதினார்: நாடு கடந்த திட்டமிட்ட குற்றத்தின் பகுதியாக, பணத்துக்கோ வேறு பொருள் இலாபத்துக்கோ செய்தால்தான் அது ஆட்கடத்தல், தப்பி வரும் அகதிகள் ஒருவருக்கொருவர் உதவுவது அதில் அடங்காது. ஐந்து வருடத்துக்கு மேல் அவர்கள் அதற்காகக் காத்திருந்தார்கள்.

இதற்கிடையில் 2012-இல் சட்டம் மாறிவிட்டது. எங்களைப் போலக் கூட்டமாக வருகிறவர்களை அமைச்சர் ஒரு தனி வகையாக அறிவிக்கலாம். பதினாறு வயதும் அதற்கு மேலும் உள்ள எவருக்கும் கட்டாயத் தடுப்பு. மீளாய்வு பதினான்கு நாளில் ஒன்று, அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. முதலில் கொண்டுவந்த வரைவில் பன்னிரண்டு மாதத்துக்கு மீளாய்வே இல்லை. எதிர்ப்பு வந்த பிறகுதான் குறைத்தார்கள். எங்களை வெளியே கொண்டுவந்த விதி எதுவோ, அதையே பார்த்து வெட்டியிருக்கிறார்கள் என்று நான் நினைக்கிறேன். முப்பது நாளில் பதில் சொல்ல வேண்டியவருக்கும் ஆறு மாதத்தில் சொல்ல வேண்டியவருக்கும் உள்ள அவசரம் ஒன்றல்ல. பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஆறு மாதம் எவ்வளவு நீளம் என்பதை உள்ளே இருந்து பார்த்தவன் நான்.

நல்லதும் நடந்திருக்கிறது. 2019 மே மாதம், சின்னா என்பவரின் வழக்கில், குடிவரவுத் தடுப்பில் உள்ளவர்கள் ஆட்கொணர்வு மனுவோடு மாகாண உயர் நீதிமன்றத்துக்கும் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. எங்களை அடைத்து வைத்திருந்த பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் குடிவரவுக் கைதிகளைத் தன் சிறைகளில் வைத்திருப்பதை 2023-இல் நிறுத்திக்கொண்டது. ஆனால் எவ்வளவு காலம்தான் ஒருவரை இப்படி வைத்திருக்கலாம் என்பதற்குக் கனடாச் சட்டத்தில் உச்ச வரம்பு இல்லை. அந்த ஆறு மாதப் பிரிவும் அப்படியே இருக்கிறது. இரண்டையும் மாற்றச் சொல்லி, கூட்டங்களுக்குக் கூப்பிட்டால் போய்ப் பேசுகிறேன்.