கிராங்க் கொடுத்த வாக்குமூலம்

"ஸ்பீடு குறையறதுக்குள்ள கியரை இறக்கி, ஓவர் ரெவ் பண்ணி இன்ஜினைக் கொன்னுட்டியேடா!"

பத்துப் பேர் முன்னாடி எங்க டிரைவரைப் பார்த்து இப்படிக் கத்தினது சாட்சாத் நான்தான். அவன் ஹெல்மெட்டைக் கழட்டிட்டு, "திருப்பத்துல ஆயில் லைட் மினுக்குச்சு மச்சான்"னு மட்டும் சொன்னான். யாரும் காதுல வாங்கலை. அதுக்கப்புறம் அவன் வொர்க்‌ஷாப் பக்கமே வரலை.

ஃபார்முலா ஸ்டூடன்ட் தெரியும்தானே? காலேஜ் பசங்களே டிசைன் பண்ணி, வெல்டு அடிச்சு, ஓட்டிக் காட்டற ஒத்தை சீட் ரேஸ் கார் போட்டி. அமெரிக்காவுல ஆரம்பிச்சது. அதுல பெரிய சோதனை, 22 கிலோமீட்டர் எண்டியூரன்ஸ். அதுக்கான ப்ராக்டீஸ்லதான் 'டக் டக் டக்'னு சத்தம் வந்து எங்க 600 சிசி, நாலு சிலிண்டர் ஸ்போர்ட்ஸ் பைக் இன்ஜின் படுத்துடுச்சு. டேட்டா லாகர் வயர் வேற அன்னிக்குன்னு பார்த்துப் புடுங்கியிருந்தது. ஆக, சாட்சி யாரும் இல்லை.

இன்ஜினை இறக்கினதும் நான் டீசல் கேனைத் தூக்கினேன். வொர்க்‌ஷாப் அண்ணா கையைப் பிடிச்சுட்டார். "கழுவாதீங்க கண்ணு. அந்த அழுக்குலதான் சேதி இருக்குது."

முதல்ல ஆயிலை வெள்ளைத் தட்டுல வடிச்சோம். ஜிகினா கலந்த மாதிரி மினுமினுப்பு. காந்தத்தைக் காட்டினா ஒண்ணும் ஒட்டலை. அப்போ அது இரும்பு இல்லை. பேரிங்ல பூசியிருக்கற மெத்து உலோகமா இருக்கலாம். ஆயில் ஃபில்டரை அறுத்து, மடிப்பு மடிப்பா விரிச்சா, அங்கேயும் அதே மினுக்கல்.

அடுத்து ஹெட். ஓவர் ரெவ் ஆகியிருந்தா, வால்வு மூடறதுக்குள்ள பிஸ்டன் மேல வந்து இடிச்சிருக்கலாம். பிஸ்டன் தலையில பிறை மாதிரி தழும்பு இருக்கும். டார்ச் அடிச்சுத் தேடினேன்... இல்லை. போர்ட்ல பெட்ரோல் ஊத்தினோம், ஒரு வால்வும் ஒழுகலை. கன்ராட் போல்ட் இழுபட்டு நீண்டிருக்கான்னு அளந்தோம். எட்டும் கரெக்டா இருந்தது.

எனக்கு லேசா வயித்தைக் கலக்க ஆரம்பிச்சது.

ராட் கேப்களை நம்பர் போட்டு, தனித்தனி கவர்ல வெச்சுக்கிட்டே கழட்டினோம். ரெண்டாவது சிலிண்டர்ல ஷெல் பேரிங் கருகி, இடத்தை விட்டே சுத்திடுச்சு. கிராங்க் அந்த இடத்துல நீலம் பாஞ்சு, நகத்தால தடவினாலே கோடு தட்டுச்சு. "இந்த ஒண்ணு மட்டும் மட்டமான பேரிங்கா இருக்கும்ணா" என்றேன், தப்பிக்கிற ஆசையில்.

"மத்த மூணையும் பாருங்க கண்ணு."

பார்த்தேன். மூணுலயும் மேல்பூச்சு தேஞ்சு செம்பு நிறம் எட்டிப் பார்த்தது. ஒண்ணு கெட்டா அந்தப் பேரிங் மேல சந்தேகப்படலாம். நாலும் சேர்ந்து தேஞ்சா, நாலுக்கும் பொதுவா வர்ற ஆயில் மேலதான் சந்தேகப்படணும். ஓடற கிராங்க் நிஜத்துல பேரிங் மேல உட்கார்றதில்லை. முடியைவிட மெல்லிசான ஆயில் படலத்து மேல மிதக்குது. அது கிழிஞ்சா உலோகமும் உலோகமும் நேருக்கு நேர்தான்.

அண்ணா ஆயில் சம்ப்பைத் திருப்பி என் முன்னாடி வெச்சார். ஒண்ணும் சொல்லலை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அந்த சம்ப்பை டிசைன் பண்ணினவன் நான்.

பைக் திருப்பத்துல சாயும். அதனால ஆயில் சம்ப்போட அடியிலயே நிக்கும். கார் அப்படிச் சாயாது. பஸ் திரும்பறப்ப டம்ளர்ல டீ ஏறுற மாதிரி, ஆயில் ஒரு பக்கமா ஒதுங்கிடும். பம்ப் காத்தை உறிஞ்சும். அதுக்குத்தான் சம்ப்புக்குள்ள பாஃபிள் தகடு வைக்கணும். நானோ இன்ஜினைத் தாழ்வா உட்கார வைக்க சம்ப்பை உயரம் குறைச்சுட்டு, பாஃபிளை 'அடுத்த வாரம் பார்த்துக்கலாம்'னு விட்டுட்டேன். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை.

ஆக, அவன் சொன்ன ஆயில் லைட் நிஜம்.

டீம்ல எல்லாரும் இன்னும் ஓவர் ரெவ்னுதான் நம்பிக்கிட்டிருந்தாங்க. அப்படியே விட்டிருக்கலாம். விடணும்னு தோணவும் செஞ்சது, மறைக்கலை. ஆனா கருகின ஷெல் ராத்திரி பூரா பாக்கெட்ல உறுத்திக்கிட்டே இருந்தது.

காலையில ஹாஸ்டல் ரூம் கதவைத் தட்டி, அதை அவன் கையில வெச்சேன். "தப்பு என்னுதுடா. சம்ப்." அவன் ஷெல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அடுத்த தடவை லைட் மினுக்குதுன்னு சொன்னா நம்புவியா?"

"நம்பறேன்டா."

"சரி, டீ வாங்கிக் குடு."

டீக்கடையிலிருந்து நேரா வொர்க்‌ஷாப். எல்லார் முன்னாடியும் கத்தினவன், எல்லார் முன்னாடியும்தானே ஸாரி சொல்லணும்? சொன்னேன். அப்புறம் ரெண்டு பேருமா உட்கார்ந்து பாஃபிள் தகடு வெட்டினோம்.