கொச்சிக்கடையில் ஒரு வீடு தேடி

முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசாங்க உத்தியோகம் பார்த்து, வெள்ளவத்தைத் தொடர்மாடியொன்றின் நான்காம் மாடியில் வாடகைக்குக் காலங்கழித்த எனக்கும் என் மனைவிக்கும், ஓய்வூதியத்துக்குள் அடங்குவதும் படியிறங்காமலே தெருவுக்கு வரக்கூடியதுமான ஒரு வீடு வேண்டுமென்ற அபிலாஷை எழுந்தபோது, மனம் நான் பிறந்து வளர்ந்த கொழும்புக் கொச்சிக்கடையையே நாடிற்று. 2023 ஆம் ஆண்டு வைகாசியில், ஒரு செவ்வாய்க்கிழமை, கடலோர ரயிலில் கோட்டைக்கு வந்து, புறக்கோட்டைச் சந்தடியையும் செட்டியார் தெரு நகைக்கடைகளையும் கடந்து நடந்தோம்.

செவ்வாய்க்கிழமை புனித அந்தோனியாருக்குரிய நாள். 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்துச் சிதைந்து, இரண்டு மாதங்களுக்குள் மீண்டும் திறக்கப்பட்ட அவரது கொச்சிக்கடைத் திருத்தலத்தின் வாசலில், நெற்றியில் திருநீறு துலங்க நின்ற ஒரு மூதாட்டி மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்தார். அங்கிருந்து சற்றுத் தூரத்தில், தந்தையார் கட்டிய கோயிலைச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் முழுவதும் கருங்கல்லால் எடுப்பித்து 1912 இல் குடமுழுக்குக் கண்ட பொன்னம்பலவாணேஸ்வரர் ஆலயம் இருக்கிறது. அதன் மண்டபத் தூண்களினிடையே வெயிலறியாத அந்தக் குளிர்ச்சியில் அரைமணி நேரம் அமர்ந்திருந்த என் மனைவி, “இதுக்குப் பக்கத்திலே ஒரு அறை கிடைச்சாலும் போதுமப்பா” என்றாள்.

தரகர் முதலில் காட்டியது மாடி வீடு. மரப்படிகள் செங்குத்தானவை, நடுவில் தேய்ந்து குழிந்தவை, கைபிடிக்கக் கயிறொன்று கட்டியிருந்தது. எங்கள் முழங்கால்களுக்கு அது ஆகாது. இரண்டாவது, ஒழுங்கையின் உள்ளே ஓட்டுக் கூரையும் சிறு முற்றமும் கொண்ட வரிசை வீடு. சொன்ன விலை, அதே அளவுள்ள வெள்ளவத்தை வீட்டின் விலையில் மூன்றிலொன்றுகூட இல்லை. காரணம் உள்ளே இருந்தது. குடியிருப்பவரை எளிதில் எழுப்பவிடாத 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பில், சொற்ப வாடகைக்கு, ஒரு முதிய அம்மா அங்கே குடியிருந்தார். உறுதியிலோ ஆறு பங்காளிகள்; இருவர் கனடாவில்.

“ஐயா, வாங்கினாப் பிறகு மெல்ல எழுப்பிவிடலாம்” என்றார் தரகர். அந்த அம்மா அதைக் கேட்டும் கேளாதவர் போல எங்களுக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்து, “நான் வந்த வருஷம் வச்சது, தம்பி” என்று முற்றத்துக் கறிவேப்பிலை மரத்தைக் காட்டினார். அச்சட்டத்தினால் வீட்டுக்காரர் திருத்தவேலை செய்யாது விட, சுவர்கள் இற்றுப்போயின என்பது மெய்யே. ஆயினும் ஏழைச் சனங்கள் பரம்பரை பரம்பரையாக இத்தெருக்களை விட்டுப் போகாமல் இருந்ததும் அதே சட்டத்தினாலன்றோ! எந்த மனிதர்களுக்காக இவ்விடத்தை விரும்பி வந்தேனோ, அவர்களுள் ஒருவரை எழுப்பிவிட்டு நான் அங்கே குடிபுகுவது என் மனச்சாட்சிக்கு ஒவ்வவில்லை.

பழைய வீடு மலிவாகக் கிடைக்கிறதென்று வருவோர், பங்காளிகள் அனைவரும் கையொப்பமிடுவார்களா என்பதை நொத்தாரிசிடமும், உள்ளே யார் குடியிருக்கிறார் என்பதை நேரிற் சென்றும் அறிந்துகொள்ளவேண்டும். நாங்கள் வீடு வாங்கவில்லை. அதே ஒழுங்கையில், நிலத்தளத்திலுள்ள இரண்டு அறைகளை வாடகைக்குப் பேசி முற்பணம் கொடுத்தோம். ஆவணி பிறந்ததும் குடிவந்தோம்.