எனது பழைய யந்திரமும் புதிய அட்டையும்

யந்திர நூலில் வல்லவன் என்று என்னை யானே எண்ணிக்கொண்டு இதனை எழுதப் புகுந்தேனல்லேன். அவ்வாறு எண்ணிக்கொண்டிருந்த காலத்தில் எனக்கு நேர்ந்ததை உள்ளவாறு உரைப்பதே என் கருத்து. எம் வகுப்பு நண்பருள் இருவர் இப்பொழுது அதே காரியத்தில் இறங்கியிருக்கின்றனர் என்று கேள்வியுற்றமையால், வெட்கத்தை ஒருபுறம் ஒதுக்கி எழுதலானேன்.

எம் வீட்டிலுள்ள கம்ப்யூட்டர் ஓர் அலுவலகத்திற் பல்லாண்டு கணக்கெழுதிக் களைத்தது. அவர்கள் அதனைக் கழித்தபோது என் தந்தையார் சொற்ப விலைக்கு வாங்கி வந்தார். 2013 ஆம் ஆண்டில் வெளிவந்த ஐ5-4570 என்னும் செயலி அதனுள் இருக்கிறது. கடிதம் எழுதவும் படம் பார்க்கவும் அது போதும். எனக்கோ வேறொரு வேலை இருந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் என் அன்னையாரின் பிறந்தகத்துப் பரணில் ஏட்டுச் சுவடிக் கட்டொன்று கிடந்தது. அது தம் தகப்பனாரின் வைத்திய ஏடு என்பது ஒன்றே ஆச்சிக்குத் தெரியும். அதிற் கண்டது யாதென்று படித்துச் சொல்வார் எவருமிலர். ஆச்சிக்கு வயது எண்பத்தெட்டு. "நான் இருக்கையிலேயே படித்துவிடு, ஐயா" என்றார்கள். யானும் சிறிதும் யோசியாமல் வாக்களித்துவிட்டேன்.

பழைய ஏடுகளிற் புள்ளி இடும் வழக்கம் இல்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவில் வேறுபாடு காணப்படாது. துணைக்காலும் ரகரமும் ஒரே கோடு. ஆதலின் ஏடுகளைப் படமெடுத்து, எழுத்துக்களைப் பிரித்துணரக் கம்ப்யூட்டரைப் பழக்கலாம் என்று துணிந்தேன். இத்தகைய பயிற்சிக்குச் செயலியிலுள்ள நான்கு கூறுகள் எம்மாத்திரம்? கிராபிக்ஸ் கார்டு என்னும் அட்டையிலோ சிறு கணக்குகளை ஒருங்கே செய்யும் கூறுகள் ஆயிரக்கணக்கில் உள. யான் விரும்பிய ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் என்னும் அட்டையில் 1408. சென்னை ரிச்சி தெருவிலிருந்து ஒரு நண்பர் மூலம் பழைய அட்டையொன்றைத் தருவித்தேன். பணம், தங்கையின் படிப்புக்கென்று அன்னையார் சேர்த்துவைத்ததிற் கைம்மாற்றாகப் பெற்றது.

நிற்க. அட்டை வந்த பின்னரே ஓர் இடையூறு புலனாயிற்று. அட்டை பொருந்தும் பள்ளம் 75 வாட்டுக்கு மேல் மின்சாரம் கொடாது. இவ்வட்டைக்கு வேண்டுவது 125 வாட். மீதத்தைப் பெறுதற்பொருட்டு அதன் தலையில் எட்டு முனைச் செருகி ஒன்று உண்டு. அதனோடு இணைக்கத்தக்க கம்பி எம் பெட்டியில் இல்லை. அலுவலகத்திற்கென்று செய்யும் பெட்டிகளில் இத்தகைய கம்பியைப் பெரும்பாலும் வைப்பதில்லை. அங்கு யார் அட்டை பூட்டப் போகிறார்கள்? மின்வழங்கியை மாற்றிவிடலாமென்றாலோ, கடையிற் கிடைப்பவை தாய்ப்பலகைக்கு 24 முனைச் செருகியுடன் வருகின்றன. எமது பெட்டி அதனை ஏலாத வேறொரு சிறு செருகியை உடையது.

வண்ணார்பேட்டையிற் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் அண்ணாச்சி ஒருவரிடம் சென்றேன். தட்டைச் செருகியிலிருந்து எட்டு முனைக்கு மாற்றும் இடைக்கம்பி ஒன்று வேண்டுமென்றேன். தட்டைச் செருகியாவது, வட்டுக்கு மின்சாரம் செல்லும் ஸாட்டா என்பது. அவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "தம்பி, அது வேண்டாம்" என்றார். யான் கணக்குச் சொன்னேன்: செயலிக்கு 84, அட்டைக்கு 125, ஏனையவற்றுக்கு 40, ஆக 249 வாட். மின்வழங்கியின் மேல் 290 என்று பொறித்திருக்கிறது. 41 வாட் மிச்சமிருக்க அச்சமென்ன? அண்ணாச்சி சிரித்து, "குளம் நிறைந்திருக்கிறது, சரி. மடையைப் பார்த்தீரா?" என்று வினவினார்.

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள் உள. பழவூர் அணையிலிருந்து பாளையங்கால்வாயும், சுத்தமல்லி அணையிலிருந்து திருநெல்வேலிக் கால்வாயும் பிரிந்து செல்கின்றன. ஆற்றில் வெள்ளம் புரண்டாலும் கால்வாய்க்கு அதன் கரை தாங்குமளவே விடலாம் என்பதை இந்நாட்டிற் பிறந்தவனுக்குச் சொல்லவேண்டுமா? எனக்குச் சொல்லவேண்டியிருந்தது, சொல்லியும் கேட்டேனில்லை. இடைக்கம்பியைத் தபாலில் வரவழைத்து, யானே பூட்டிக்கொண்டேன். அரைமணி நேரம் சோதித்தேன். ஒரு குறையுமில்லை. அண்ணாச்சியிடம் சென்று காட்டவேண்டுமென்றுகூட நினைத்தேன்.

அன்றிரவு பயிற்சியைத் தொடங்கிவிட்டுத் திண்ணையிற் படுத்தேன். கம்ப்யூட்டர் இருந்த அறையில் தங்கை உறங்கினாள். இரண்டு மணி அளவில் அவள் இருமிக்கொண்டு வெளியே வந்து, "அண்ணா, ஏதோ தீய்கிறது" என்றாள். ஓடிச் சென்று கம்பியைப் பிடுங்கினேன். செருகி உருகி வழிந்து, கரி படிந்திருந்தது. சுடர் எழும்பவில்லை என்பதே எம் நற்பேறு. மறுநாள் அவ்வறையின் மெத்தைக்கும் பெட்டிக்கும் இடையே எத்துணைச் சாண் என்று அளந்து பார்த்தேன், இரண்டு.

பின்னர்ச் செய்த கணக்கை இங்குத் தருகிறேன். முன்னரே செய்திருக்கவேண்டியது அது. ஸாட்டாச் செருகியில் 12 வோல்ட்டுக்குரிய முனைகள் மூன்று, ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர் தாங்கும். ஆக 4.5 ஆம்பியர், அஃதாவது 54 வாட். அட்டையோ பெரும்பகுதியைத் தன் தலைச் செருகி வழியே இழுப்பது. அது 90 வாட் எனக் கொண்டால் 7.5 ஆம்பியர் ஆகும். செருகியின் முனையில் எழும் உஷ்ணம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு. விளையாட்டில் அட்டை இடையிடையே இளைப்பாறும். பயிற்சியில் இரவெல்லாம் ஓய்வில்லை. அரைமணிச் சோதனை ஏன் பொய்த்தது என்பது இப்பொழுது விளங்கும். எட்டு முனைச் செருகி 150 வாட் தாங்குவதென்பது உண்மையே. அதன் மறுமுனை எங்கே சென்று சேர்கிறது என்பதை யான் நோக்கவில்லை. எமது பெட்டியில் வட்டின் கம்பி தாய்ப்பலகையிலிருந்தே புறப்படுவதால், பலகையின் ஓரமும் சிறிது கறுத்துவிட்டது.

தந்தையாரிடம் இரண்டு நாள் சொல்லாதிருந்தேன். மூன்றாம் நாள் தங்கை சொல்லிவிட்டாள். அவர் கோபிக்கவில்லை, உருகிய செருகியைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்துவிட்டு, என்னிடமே திருப்பித் தந்தார். அடித்திருந்தாலும் பொறுத்திருப்பேன்.

மீண்டும் அண்ணாச்சியிடம் சென்றேன். அவர் ஒன்றும் இடித்துரையாமல், என் அட்டையை எடுத்துக்கொண்டு, தலைச் செருகியே இல்லாத ஜிடிஎக்ஸ் 1650 ஒன்றைக் கொடுத்தார். அதற்கு 75 வாட். பள்ளத்திலிருந்து பெறுவதே போதும். கூறுகள் 896. அதையும் உடனே பூட்டவில்லை. சில சிறிய பெட்டிகளிற் பள்ளம் 75 வாட்டுங்கூடக் கொடாது என்று சொல்லி, எமது பெட்டியின் கைந்நூலைத் தேடிப் படித்த பின்னரே பூட்டினார். பயிற்சி முன்னினும் மெதுவாகவே நடக்கிறது. பகலில், யாரேனும் அருகிருக்கும்போது மட்டும் ஓட்டுகிறேன்.

தைமாதம் ஸ்ரீவைகுண்டம் சென்று, யந்திரம் படித்த முதல் ஏட்டை ஆச்சிக்கு வாசித்தேன். "பெருஙகரயம" என்று ஒரு சொல் வந்தது. இஃதென்ன மருந்தோ என்று திகைத்தேன். ஆச்சி பொக்கைவாய் திறந்து சிரித்து, "பெருங்காயந்தானே, ஐயா! அடுப்படியிற் போய்ப் பார்" என்றார்கள். இதுவரை பதினொரு ஏடு முடிந்திருக்கிறது. இன்னும் நாற்பத்து மூன்று உள.